காற்றோட்டமான வீடு

— டிராக்டியா, டிராட்டியா? வாசல் போர்டுல பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். அந்த இங்கிலீஷ் வார்த்தைய எப்படிப் படிக்கறதுன்னே தெரியல.

— டிராஃப்டி. நடுவுல ஜியும் ஹெச்சும் சும்மா உக்காந்திருக்கு பாருங்க, அது வாயில வர்றப்ப 'ஃப' ஆயிடும். சிரிக்கறதுக்கு லாஃப்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி. போர்டு எழுதினவரே தப்பா எழுதி அழிச்சு எழுதினாரு. உள்ள வாங்க. கதவ ஒரு தள்ளு தள்ளிச் சாத்துங்க, பாதியில நிக்கும் அது.

— அர்த்தம் என்னங்க அதுக்கு?

— அர்த்தம் வாயால சொன்னாப் புரியாது. இப்படி வாங்க, இந்த வெட்டு மேசை ஓரத்துல நில்லுங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். பிடறில ஏதாவது தெரியுதா?

— சில்லுனு இருக்கு.

— ஜன்னல் சாத்தியிருக்கு. கதவ நீங்களே சாத்தினீங்க. ஃபேன் கிடையாது. ஆனாலும் யாரோ பின்னால நின்னு மெல்ல ஊதற மாதிரி இருக்கா? திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அப்படிக் காத்து திருட்டுத்தனமாப் புகுற ரூமுக்குத்தான் டிராஃப்டின்னு பேரு.

— கனத்த திரை விக்கற கடையிலயே காத்து வருதே.

— அந்த ஓட்டைய வேணும்னுதான் விட்டு வச்சிருக்கேன். அதையும் அடைச்சுட்டா எனக்கு வியாபாரம் ஏது? வர்றவங்களுக்கு அதான் சாம்பிள்.

— காத்தோட்டமான ரூம்னு சொல்லலாமா அப்ப?

— அய்ய, அத மட்டும் சொல்லிடாதீங்க. நானே ஒரு காலத்துல அதுல போய் மாட்டிக்கிட்டவ. காத்தோட்டம்னா நாம கூப்பிட்டு வர்ற காத்து. இது கூப்பிடாம வர்றது. வெக்கையில வெந்து வளந்த சனம் நாம, வீடு பாக்கப் போனா காத்து வருமான்னுதான் முதல்ல கேப்போம். இந்தக் குளிர் தேசத்துல அதக் கேட்டா ஒரு மாதிரியாப் பாப்பாங்க.

— தெருவுல அடிக்கற காத்துக்கும் அதே வார்த்தைதானா?

— இல்லல்ல. அது விண்டி. தெருவ டிராஃப்டின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ரூமு, ஹாலு, மாடிப்படி, ரயிலுக்குக் காத்திருக்கற கூடம், பழைய பள்ளிக்கூடம், இதுகளத்தான் சொல்லணும். சுவரும் கூரையும் இருந்தும் குளிர் உள்ள வந்தாத்தான் அந்த வார்த்தைக்கு வேலை.

— ஆளச் சொல்லலாமா?

— எந்த ஆள?

— பொதுவாத்தான் கேக்கறேன். ஒருத்தரப் பாத்து, இவர் டிராஃப்டின்னு.

— ஆளுக்குன்னு வேற வார்த்தையெல்லாம் நிறைய வச்சிருக்காங்க. இது அறைக்குத்தான். என்ன பாருங்க இப்படித் துருவுறீங்க, பரீட்சை எதுவும் எழுதப் போறீங்களா? வீட்டச் சொல்லுங்க. எந்த ரூமுக்குத் திரை?

— படுக்கற ரூமுக்கு. மாடியில. பழைய வீடுங்க.

— ஜன்னல் வெளிய திறக்கறதா, மேல தூக்கறதா?

— மேல தூக்கறது. ரயில் பாதையப் பாத்த மாதிரி இருக்கும். ரயில் போறப்பல்லாம் கண்ணாடி டகடகன்னு ஆடும்.

— மரம் சுருங்கியிருக்கும். ஒரு ஜன்னல் முழுசா இறங்காதே?

— ஆமா. இடது பக்கத்து ஜன்னல்.

— ஒரு விரக்கடை இடைவெளி விட்டு நிக்கும்.

— ஆமா.

— மாடிப்படியில கடைசிப் படி மட்டும் குட்டையா இருக்கும். இருட்டுல ஏறினா கால் தடுக்கும்.

— ஆமாங்க.

— பச்சைக் கதவு.

— இப்ப நீலம் அடிச்சிருக்கு.

— நீலமா? அவருக்கு நீலம் ஆகாதே.

— எனக்குப் பிடிக்கும்.

— அப்ப நீதானா அது.

— நான்தான்.

— எப்படிப் படிக்கறதுன்னு தெரியலன்னியே?

— சும்மா சொன்னேன். நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு கேக்கணும்னு இருந்துச்சு. உண்மையச் சொன்னா, அந்த வார்த்தைய நான் தினம் கேக்கறவ. காலையில எழுந்ததும் அவர் வாயில வர்றதே அதுதான்.

— இந்த ஊர்ல திரை தைக்கறவங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க.

— தெரிஞ்சுதான் வந்தேன். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல எனக்கு வேலை. அங்க இருக்கற ஒரு பொண்ணு உங்ககிட்ட கோட்டுக்கு ஜிப்பு வைக்க வந்திருந்தாளாம். அவதான் கடைய அடையாளம் சொன்னா.

— அப்ப முகத்தப் பாக்க வந்திருக்க. பாத்துக்க, வெளிச்சம் போதுமா? 'நீங்க'லருந்து 'நீ'க்கு இறங்கிட்டேன், தப்பா எடுத்துக்காத.

— பரவால்ல. நான் உங்கள என்னன்னு கூப்பிடறதுன்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். நமக்குள்ள என்ன முறை வரும்?

— சக்களத்தின்னு சொல்லலாம்னா, அதுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குடித்தனம் பண்ணியிருக்கணும். நான் விவாகரத்து எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்து எவ்வளவோ காலம் கழிச்சுத்தானே நீ வந்த. அதனால முறை ஒண்ணும் கிடையாது. அக்கான்னு கூப்பிடு. பேன்ட்டுக்குப் பட்டன் தைக்க வர்ற தாத்தா கூட அக்கான்னுதான் கூப்பிடறாரு.

— நான் நினைச்ச மாதிரி நீங்க இல்லக்கா.

— எப்படி நினைச்ச?

— நல்ல உயரமா. அடுப்பங்கரையில மேல் அலமாரில இருக்கற பாத்திரம் எதுவும் எனக்கு எட்டாது. யாரோ உயரமான பொம்பள அடுக்கி வச்சதுன்னு நினைச்சுக்கிட்டேன். அவ முன்னாடி நான் குள்ளமாத் தெரிவேன்னு தினம் ஒரு நினைப்பு.

— ஸ்டூல் போட்டு ஏறுவேன். கிளம்பறப்ப ஸ்டூலையும் தூக்கிட்டு வந்துட்டேன். இப்ப நீ உக்காந்திருக்கறது அதுமேலதான்.

— எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டீங்க.

— நான் வாங்கினது, நான் தைச்சது, அவ்வளவுதான். அவரோட பொருள் ஒரு குண்டூசி கூட எங்கிட்ட இல்ல.

— ஜன்னல்ல வெறும் கம்பியும் வளையமும் மட்டும் இருந்துச்சு. ரயில் போனா வளையம் ஒண்ணோட ஒண்ணு மோதிக் கிணுகிணுக்கும். வந்த புதுசுல அது என்ன சத்தம்னு கேட்டேன். முன்ன அங்க திரை இருந்துச்சுன்னாரு. யார் தைச்சதுன்னு கேட்டேன். திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அன்னிக்குப் பிடிச்சது எனக்கு.

— என்ன பிடிச்சது?

— உங்க பைத்தியம்.

— நல்ல கூத்து. என்னப் பாக்காமலேயா?

— பாத்திருந்தா தீந்திருக்கும். பாக்காததாலதான் வளந்துச்சு. அலமாரியத் திறந்தா நீங்க, மாடிப்படி ஏறினா நீங்க. சோப்பு வைக்கற இடத்துல ஒரு சின்ன ஆணி அடிச்சிருக்கு, அது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

— குளிக்கறப்ப வளையல மாட்டி வைக்க.

— பாத்தீங்களா. என் வீட்டு ஆணி. அர்த்தம் உங்ககிட்ட இருக்கு.

— சரி, ஜன்னலுக்குப் புதுசா நீ எதுவும் வாங்கி மாட்டலியா?

— மாட்டினேனே. ரெடிமேடு. பூப்போட்டது. காத்தடிச்சா உள்ள வந்து கட்டில் மேல விழும். அவர் பாத்துட்டு, டிராஃப்டின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'அவ இருந்தப்ப இந்த ரூம் இப்படி இருக்காது, கதகதன்னு இருக்கும்'னாரு.

— என்ன சொன்னாரு?

— கதகதன்னு இருக்குமாம்.

— இன்னொரு தடவ சொல்லு.

— ஏன்க்கா சிரிக்கறீங்க?

— சிரிக்கல. பல்லுல நூல் மாட்டிக்கிச்சு. அவர் சொன்னத அப்படியே சொல்லு, நீ எதையும் சேக்காத.

— 'அவ இருந்தப்ப கதகதன்னு இருக்கும்.' அவ்வளவுதான்.

— பேரு சொன்னாரா?

— பேரெல்லாம் சொல்ல மாட்டாரு. 'அவ'தான். கட்டின பொண்டாட்டி எதுக்க உக்காந்திருக்கறப்ப இன்னொருத்திய வெறும் 'அவ'ன்னு சொன்னா, அது பேரச் சொல்றத விடப் பெரிசு இல்லையா?

— பெரிசுதான். ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் அங்க குடித்தனம் பண்ணின வரைக்கும் கதகதன்னு ஒரு வார்த்தை அந்த மனுஷன் வாயிலருந்து நான் கேட்டதில்ல. எனக்கு வாய்ச்சது அவரோட அண்ணி. 'எங்க அண்ணி வீட்ல இப்படிக் காத்து வராது, எங்க அண்ணி வீட்ல காலத் தரையில வச்சா வெதுவெதுன்னு இருக்கும்.' முதல் குளிர்காலம் முழுக்க இதுதான் பாட்டு. எனக்கு அப்ப ஊசில நூல் கோக்கக் கூடத் தெரியாது. பழைய கோட்டு, தலகாணி உறை, போர்வை, எதையெல்லாமோ கிழிச்சு ஜன்னல் சந்துல திணிச்சேன். கீழ் வீட்டுக்காரி ஒரு தையல் மெஷினத் தூக்கிப் போட இருந்தா. அத வாங்கிட்டு வந்து மிதிச்சு மிதிச்சுக் கத்துக்கிட்டேன். மூணு மடிப்பா ஒரு திரை, நடுவுல கம்பளி. நான் தைச்ச முதல் திரை அதுதான், கோணலும் மாணலுமா. அப்புறம் கதவுக்கடியில வைக்க மணல் போட்டு நீளமா ஒரு தலகாணி, பாம்பு மாதிரி. அதுக்கு ரெண்டு பட்டனக் கண்ணா வச்சேன், பாத்தாவது சிரிப்பாருன்னு.

— சிரிச்சாரா?

— தாண்டிப் போனாரு. நான் விடல. மெழுகுவத்தி கொளுத்திக் கையில பிடிச்சுக்கிட்டு மூலை மூலையாப் போனேன். சுடர் எங்க சாயுதோ அங்க ஒரு ஓட்டை. அடைச்சேன். கடைசியில சுடர் ஆடாம அப்படியே நின்னுச்சு. இப்ப எப்படி இருக்குன்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா?

— என்ன?

— ஸ்டஃபி. மூச்சு முட்டுதாம். அந்த ஜன்னலத் தூக்கித் திறந்து விட்டுட்டு வெளியப் பாத்துக்கிட்டு நின்னாரு. அன்னிக்கு எனக்கு உள்ள ஏதோ விட்டுப் போச்சு.

— அந்த ரூமையா எங்கிட்ட கதகதன்னு இருந்துச்சுன்னாரு?

— எனக்கு அண்ணி. உனக்கு நான். அவருக்கு எப்பவும் முந்தின வீடுதான் இதமா இருக்கும்.

— அப்ப எனக்கும் ஒரு நாள் அந்த யோகம் வரும்னு சொல்றீங்க.

— உள்ள இருக்கறவங்களுக்கு வராதும்மா.

— அந்தக் கதை உங்களுதுதானேக்கா?

— எந்தக் கதை?

— கூட வேலை செய்றவங்க வீட்டு விருந்துக்குப் போனா, சாப்பிட்டு முடிச்சதும் அவர் சொல்வாரே. 'நாங்க வீடு பாக்கப் போனப்ப வீட்டுக்காரம்மா சங்கடப்பட்டுக்கிட்டே, கொஞ்சம் டிராஃப்டிதான், பாத்துக்குங்கன்னாங்க. என் மனைவி அவங்க ரெண்டு கையையும் பிடிச்சுக் குலுக்கி, ரொம்ப சந்தோஷம், நாங்க தேடினதே அப்படிப்பட்ட வீடுதான்னு சொல்லிட்டா.' எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

— அது நான். கையப் பிடிச்சுக் குலுக்கினது நான். டிராஃப்டின்னா காத்தோட்டம்னு நினைச்சுட்டேன்.

— தெரியும். நான் வந்தப்ப வீட்டுக்காரம்மாவே கிடையாது, வீடு அவர் பேருக்கு மாறியாச்சு. ஆனா கதை சொல்றப்ப என் தோள்ல கைய வச்சுக்கிட்டு 'என் மனைவி'ன்னுதான் சொல்வாரு. நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிப்பேன்.

— நீ எதுக்குச் சிரிக்கற? அது நான் பட்ட அவமானம். திரும்பி வர்றப்ப ரயில்ல ஒரு மூலையில உக்காந்து அழுதவ நான். என் அவமானத்தத் தூக்கி உனக்குப் போத்திட்டாரா?

— நான் வேற மாதிரி அழுதேன்க்கா. நானும் இங்கிலீஷ்ல எத்தனையோ உளறியிருக்கேன். முதல் வேலைக்குப் போன இடத்துல, கிச்சன்ல வேலை செஞ்சு பழக்கம்னு சொல்றதுக்கு சிக்கன்ல வேலை செஞ்சு பழக்கம்னுட்டேன். அந்த மேனேஜர், உள்ள எந்த இடத்துலன்னு கேட்டாரு.

— இது என்னோடத விட நல்லா இருக்கே.

— இருக்குல்ல? வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொன்னேன். ம்னு கேட்டுக்கிட்டாரு. ஒரு விருந்துல கூட அத எடுத்து விட்டதில்ல. கேலி பண்ணக்கூட அவருக்கு நீங்கதான் வேணும்.

— அப்படியெல்லாம் இருக்காது. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற மனுஷன். எலும்பு வரைக்கும் பாப்பாரு, மேல இருக்கற முகத்த நிமிந்து பாக்க மாட்டாரு. யார் என்ன சொன்னாங்கன்னு குழம்பியிருப்பாரு.

— சமாதானம் சொல்றப்பவும் உங்க முகத்துல ஒரு வெளிச்சம் வருது பாருங்க.

— அது டியூப் லைட்டு. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். கேக்கக் கூடாததுதான்.

— கேளுங்க.

— இன்னும் சுவர்ப் பக்கம்தான் படுக்கறாரா?

— அவரா? இல்லியே. ஜன்னல் பக்கம்.

— எந்த ஜன்னல்? அந்த இறங்காத ஜன்னலா?

— ஆமா.

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? சுவர்ப் பக்கம் நான். ஜன்னல் பக்கம் அவர்.

— கட்டிலத் திருப்பிப் போட்டீங்களா?

— இல்ல. கட்டில் போட்ட இடத்துலயேதான் கிடக்கு. ஏன்க்கா? ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

— அந்தப் பக்கம் நான்தான் படுத்தேன். ஒவ்வொரு குளிர்காலமும். இந்தத் தோள் இருக்கே, காலையில தூக்க வராது. உதறி உதறி வழிக்குக் கொண்டு வந்துட்டுத்தான் அடுப்பப் பத்த வைப்பேன். இப்பவும் கனத்த துணிய வெட்டினா ரெண்டு நாளைக்குக் குடையும். திரை தைக்கறதுக்கு முன்னாடியும் நான்தான் அங்க, தைச்சப்புறமும் நான்தான் அங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் அங்க வந்து படுத்துக்கறேன்னு அவர் சொன்னதில்ல. உனக்கு எப்படி மாத்திக் குடுத்தாரு? என்ன சொல்லி மாத்தின?

— பெரிசா ஒண்ணும் சொல்லலக்கா. வந்த புதுசு. எனக்குக் குளிருதுன்னேன். மாத்திக்கலாமான்னாரு. போர்வையச் சுருட்டிக்கிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் வந்துட்டாரு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். நீங்க சொல்லலியா?

— சொல்லணும்னு தோணல. தானாத் தெரியணும்னு இருந்துட்டேன்.

— சொன்னாக் கேக்கறவருதான்.

— எவ்வளவு சுளுவாச் சொல்லிட்ட. 'எனக்குக் குளிருது.' அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லத் தெரியாம நான் ஒரு தொழிலையே கத்துக்கிட்டேன்.

— அக்கா, கத்திரிய அப்படிப் பிடிக்காதீங்க. கையில படும்.

— எனக்குத் தெரியும். நீ கிளம்பும்மா. அந்த வீட்டு ஜன்னலுக்கு இந்தக் கையால இன்னொரு திரை வராது. உனக்கு என்ன குறைச்சல்? குளிர் அடிக்கற பக்கம் புருஷன் படுத்துக் காபந்து பண்றாரு. அத வந்து எங்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னுதானே இவ்வளவு தூரம் பஸ் ஏறின?

— நீங்க கேட்டீங்க, சொன்னேன். உண்மையச் சொன்னா, வயிறு எரிஞ்சுக்கிட்டுத்தான் நான் உள்ள வந்தேன். இப்ப உங்க வயிறும் எரியுது.

— எனக்கா? உம்மேலயா? கை நிறைய வேலை, சொந்தக் கடை, ராத்திரி காலை நீட்டிப் படுத்தா யாரும் எதுவும் சொல்றதில்ல. எனக்கு எதுக்கு வயிறு எரியணும்?

— சரி, எரியல.

— எரியலதான்.

— அந்த ரூம முதல்ல சொன்னது நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னு பாக்கத்தான். திரை அந்த வீட்டுக்கு இல்லக்கா.

— பின்ன?

— சலவைக் கூடத்துக்குப் பின் தெருவுல ஒரு ரூம் எடுத்திருக்கேன். ஒத்த ரூம், ஒத்த ஜன்னல். அங்கயும் காத்து வருது. அளவு டேப்பு எங்கிட்ட இல்ல, கயிறு பிடிச்சு முடிச்சுப் போட்டுக் கொண்டு வந்திருக்கேன். இந்த முடிச்சு உயரம், இது அகலம்.

— யாரு இருக்கப் போறது அங்க?

— நான்தான்.

— அவரு?

— நான் மட்டும்தான்க்கா.

— அடிப்பாவி. ஜன்னல் பக்கம் படுத்துக்கிட்டவர விட்டுட்டா வந்த?

— படுத்துக்கிட்டாரு, இல்லேங்கல. பூத்திரைய நான் கழட்டிப் போட்டப்புறம், படுத்துக்கிட்டு அந்த வெறும் கம்பியவே பாத்துக்கிட்டிருப்பாரு. அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். போன மாசம் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாம கூடவே இருந்தாரு. சுடுதண்ணி வச்சுக் குடுத்தாரு, நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. அவ்வளவு ஆசையா அவர் எங்கிட்ட இருந்ததே இல்ல. நான் கண்ண மூடிக்கிட்டு, இந்தக் காய்ச்சல் இப்படியே இருந்தாத் தேவலன்னு நினைச்சேன். அப்ப குனிஞ்சு கூப்பிட்டாரு, இப்ப எப்படி இருக்குன்னு. உங்க பேரச் சொல்லி.

— என் பேரா?

— அன்னிக்குத்தான் உங்க பேரே எனக்குத் தெரியும். அத வச்சுத்தான் அந்தப் பொண்ணுகிட்ட கடைய விசாரிச்சேன்.

— முழுப் பேரையா சொன்னாரு?

— இல்ல. சுருக்கி.

— சுருக்கியா.

— உங்கள அப்படித்தான் கூப்பிடுவாரா?

— எப்பவாவது. ரொம்ப எப்பவாவது. சொன்னது தெரிஞ்சுதா அவருக்கு?

— தெரியல. தப்பாச் சொன்னது கூட அவருக்குத் தெரியல, அதுதான்க்கா எனக்குத் தாங்கல. அவர் பேரு மாத்திச் சொல்லல. ஆளத்தான் மாத்தி வச்சிருந்தாரு. எந்த ஓட்டைன்னு நான் அடைப்பேன்? மெழுகுவத்திய எங்க பிடிக்கறது?

— அழாத. இந்தத் துணியில மூக்கச் சிந்திடாத, அது ஒரு கஸ்டமரோடது. இந்தா, இதுல துடை.

— நான் அழ வரலக்கா. திரைக்குத்தான் வந்தேன். வேற யார்கிட்டயாவது தைச்சுக்கலாம்னுதான் பாத்தேன். ஆனா உங்களப் பாக்காமப் போனா அந்த ரூமுக்கும் நீங்க வந்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு.

— வர மாட்டேன். நல்ல காரியம் பண்ணின, போ. ஒரு தடவ வெளிய கால வச்சா திரும்பிப் பாக்கக் கூடாது. நானெல்லாம் வந்தப்புறம் அந்தத் தெருவுல கால வச்சதில்ல. அவர் எப்படி இருக்காரு, சாப்பிட்டாரா, இருமறாரா, ஒரு வார்த்தை யார்கிட்டயும் கேட்டதில்ல. செத்த பாம்ப எத்தனை தடவ அடிக்கறது? முடிஞ்சுது முடிஞ்சுதுதான். இந்தக் கம்பளியப் பாரு, இது கனமா இருக்கும். உள்ளுக்குக் குடுத்துடறேன். வெளிய என்ன நிறம்?

— நீலம்.

— சரி, உன் இஷ்டம். எப்ப அங்கருந்து வந்த?

— முந்தாநேத்து.

— சொல்லிட்டு வந்தியா, சொல்லாமலா?

— சொல்லிட்டுத்தான். எனக்குக் குளிருதுங்க, நான் போறேன்னேன். அதுக்கு, இனி எந்தப் பக்கம் நான் மாத்திப் படுக்கறதுன்னு கேட்டாரு.

— அப்படியா கேட்டாரு?

— ஆமா. பெட்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

— பாவம்.

— பாவமா?

— உன்னச் சொன்னேன். நாளைக்கு மறுநாள் சாயங்காலம் வா, திரை தயாரா இருக்கும். மாட்டறதுக்கு ஆள் வேணும்னா சொல்லு. அப்ப அந்த வீட்டுல இப்ப யாரும் இல்ல.

— அவர் மட்டும்தான்.

— சமைச்சுக்கத் தெரியாதே அவருக்கு.

— ரொட்டி வாங்கி வச்சுக்கிட்டுத் தின்னுவாரு. ஏன்க்கா, கயிற எடுத்து வைங்க, கையிலயே சுத்திக்கிட்டு இருக்கீங்க.

— வைக்கறேன். வேலை முடிஞ்சு பழையபடி இருட்டற நேரத்துக்குத்தானே வர்றாரு?

— அந்த நேரத்துக்குத்தான். எதுக்குக் கேக்கறீங்க?

— சும்மாதான் கேட்டேன். அந்த வாசக் கதவுக்குப் பழைய பூட்டு, பழைய சாவிதானே, மாத்தலியே?